எல்லாவற்றுக்கும் ஆமா

காரைக்குடி செக்காலை ரோட்டில் மெர்சியின் டெலிபோன் பூத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மெர்சியைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கண்ணாடி அறைக்குள் நின்று சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கத்திவிட்டு வெளியே வருகிறவர்கள், மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணையும் மேசையோடு சேர்த்தே பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் அது வசதியாகவே இருந்தது.

சிறுவயதில் வந்த போலியோவில் இடதுகால் சூம்பிப்போயிருந்தது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத் கிடைத்தபோது அவளுக்கு முப்பது வயது. கல்யாணப் பேச்சு வீட்டில் அதற்கு முன்பே அடங்கிவிட்டிருந்தது. காலைப் பூசை முடிந்து கோவிலிலிருந்து நேராக வந்து ஷட்டரைத் தூக்குவாள். அந்தத் தொழிலில் அவள் முதலில் கற்றுக்கொண்டது, காதில் விழுவதைக் கேட்காமல் இருப்பது. கண்ணாடிக் கதவு பேருக்குத்தான். புருஷனோடு சண்டை, பாகப்பிரிவினை, சாவுச் செய்தி, யாருக்கும் தெரியக்கூடாத காதல் என்று எல்லாம் கதவிடுக்கு வழியே வெளியே வரும். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் பார்ப்பதும் தேவையில்லாமல் போயிற்று. மனது தானாக மூடிக்கொண்டது. இதைப் பெரிய குணம் என்று சொல்வதற்கில்லை. பழக்கம்.

ஊரார் அதைக் குணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். வயசுப் பெண் போன் பேசத் தனியாகப் போக வேண்டுமென்றால், "மெர்சி இருக்காள்ல, அப்பறம் என்ன?" என்று அனுப்பிவைத்தார்கள். அவள் அங்கே உட்கார்ந்திருப்பது எதை எப்படித் தடுக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மெர்சி யோசித்ததுண்டு. கம்பி வழியே வருகிற ஆளை அவளால் பார்க்க முடியாது. உள்ளே நிற்கிற பெண் பேசுவதில் பாதி காதில் விழும். மறுபாதி எங்கோ இருக்கும். அப்படியானால் தன்னை நம்பி அனுப்புகிறவர்கள் எதை நம்புகிறார்கள்? விடை கிடைக்காமலே பத்து வருஷம் ஓடிவிட்டது. கெட்டது எதுவும் நடக்கவில்லை என்பதால் கேள்வியும் கிடப்பில் கிடந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவள் தம்பி லூர்து பிரகாஷ் மதுரையிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, பூத்தின் பின்பகுதியில் பிளைவுட் பலகையால் தடுப்பு வைத்து, வாசலில் 'இன்டர்நெட் பிரவுசிங்' என்று போர்டு மாட்டினான். திறந்த வாரமே பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிவி மாதிரி இருந்தது. ஆனால் டிவியில் வருவதை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.

"இதுல கெட்ட படமெல்லாம் வருமாமே?" என்று கேட்டார் எதிர்க் கடை வேல்பாண்டி. அவர் மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

"அதுவா வராது அண்ணே. நாம கேட்டாத்தேன் வரும்" என்றான் லூர்து பிரகாஷ்.

"அதத்தானப்பா சொல்றேன். நான் கேக்க மாட்டேன். அவன் கேப்பான்ல?"

லூர்து பிரகாஷ் சிரித்துச் சமாளித்தான். வேல்பாண்டி மெர்சியின் பக்கம் திரும்பி, "தாயி, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கெட்ட படம் என்றால் கண்ணில் பட்டுவிடும், எழுந்து போய் அணைத்துவிடலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

யூஜினியா டீச்சர் வந்தது அதற்குப் பிறகு. ஆரம்பப் பள்ளி ஆசிரியை, மெர்சி போகும் கோவிலின் பங்கைச் சேர்ந்தவள், அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் ஒரே அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்கிறவர்கள். கணவர் ஜோசப் ராஜ் திருச்சியில் வேலையாக இருந்தார். மாதம் ஒருமுறைதான் வருவார். மகள் பெல்சி பிளஸ் ஒன். பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்கு என்று வந்து உட்கார்ந்தவள், 'சாட்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்கள் எழுத்திலேயே பேசிக்கொள்ளும் இடம். அங்கே ஷைனி என்று ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். தூத்துக்குடியாம், இவள் வயதுதானாம், கிறிஸ்தவப் பிள்ளையாம்.

"மெர்சி, ராவும் பகலும் ஷைனி ஷைனின்னு ஒரே ஷைனி ஜெபமா இருக்குடி வீட்டுல" என்றாள் யூஜினியா. "யாரு எவருன்னு தெரியாம எப்படி விடுறது? நீ பக்கத்துல இருந்து பாக்கக்கூடாதா?"

"நான் என்ன டீச்சர் பாக்குறது? டைப் அடிக்கிறது தமிழு, எழுத்து இங்கிலீசு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துருது."

"அப்ப நானே கேட்டுப்புடுறேன். ஆளு எப்படின்னு ரெண்டு கேள்வி கேட்டாத் தெரியாதா? எத்தனை சம்பந்தம் விசாரிச்சிருக்கேன்!"

அது பொய்யில்லை. பங்கில் யார் வீட்டுக்கு வரன் வந்தாலும் யூஜினியாவிடம்தான் முதலில் வருவார்கள். எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். அந்தப் பங்குச் சாமியாரிலிருந்து பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் வரைக்கும் பிடித்துவிடுவாள். விசாரிக்கிற கலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பங்கில் பேச்சு. மெர்சியும் அப்படித்தான் நம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் பிளைவுட் தடுப்புக்குள் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து லைன் பிடித்தது. பெல்சி டைப் அடித்தாள். வந்த பதிலை உரக்கப் படித்தாள்.

"எந்தப் பங்குன்னு கேளு" என்றாள் யூஜினியா.

"'நீங்க எந்தப் பங்கு'ன்னு திருப்பிக் கேக்குறா அம்மா."

"செக்காலைன்னு போடு. கேட்டாச் சொல்றதுதானே மரியாதை."

"'அப்படியா! எங்க அம்மா செக்காலையப் பத்தி நெறையச் சொல்லிருக்காங்க'ங்கிறா."

யூஜினியாவின் முதுகு நிமிர்ந்தது. "சொல்லியிருக்காகளா? இரு இரு. அவுக அம்மா பேரு அருள்மேரியான்னு கேளு. என்கூட டிரெய்னிங்ல அருள்மேரின்னு ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கம்தேன். செக்காலைக்கு என்கூட ஒருதரம் திருவிழாவுக்கு வந்திருக்கா."

பதில் வரச் சற்று நேரமானது. பெல்சி கத்தினாள்: "ஆமாவாம்!"

"ஏ, மாதாவே!" யூஜினியா மெர்சியின் தொடையில் ஓங்கி அடித்தாள். "அருள்மேரி மகளா! அவ தம்பி ஒருத்தன் கப்பல்ல இருந்தானே, கேளு."

"'ஆமா, மாமா இப்பவும் கப்பல்லதான்.'"

"வீட்டுக்காரரு உப்பளத்துல கணக்குப் பாத்தாரு, அவருதானே அப்பா?"

"'ஆமா.'"

"பாத்தியா மெர்சி! உலகம் எம்புட்டுச் சின்னது!"

மெர்சிக்கும் சந்தோஷமாக இருந்தது. இந்த மிஷினுக்குள்ளும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கேள்வி குறைந்து பேச்சு வளர்ந்தது. அப்பா திருச்சியில் இருக்கிறார், எப்போதாவதுதான் வருவார் என்று சொல்லச் சொன்னாள் யூஜினியா. தனக்குச் சனிக்கிழமைகூட ஸ்பெஷல் கிளாஸ், பெல்சி வீட்டில் தனியாகக் கிடந்து அலுத்துப்போகிறாள் என்றும் சொல்லச் சொன்னாள். வீட்டில் போன் இல்லை, மெர்சி அத்தை பூத்துக்குப் பேசினால் கூப்பிட்டுவிடுவாள் என்று நம்பரும் போயிற்று. விசாரணை முடிந்தபோது யூஜினியாவின் முகம் ஒரு நல்ல சம்பந்தத்தை முடித்துவைத்தவளுடையதுபோல் இருந்தது.

பத்துப் பதினைந்து நாளில் ஷைனியிடமிருந்து சாட்டில் அழைப்பு வந்தது. கண்டனூரில் பெரிய வீடு ஒன்றில் விசேஷம், அப்பாவின் பழைய முதலாளி வீட்டுக் கல்யாணம், குடும்பத்தோடு வருகிறோம், பெல்சியைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து நின்றால் காரில் கூட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஷைனியின் அம்மாவும் காரில் இருப்பாள்.

"நீங்களும் கூடப் போங்களேன் டீச்சர்" என்றாள் மெர்சி.

"அழைக்காத வீட்டுக்கு நான் எப்படிடி போவேன்? பிள்ளைகன்னா சரி. அன்னைக்குக் கிளாஸ் வேற. அருள்மேரிய ஞாயித்துக்கிழமை இங்க கூப்பிட்டுக் கறிச்சோறு போடுறேன்."

யூஜினியா போன பிறகு பூத்தில் கூட்டமில்லை. கண்ணாடி அறைக்குள் ஒரு கிழவர் மலேசியாவிலிருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியா? ... சரி. மழையா? ... சரி." மகன் என்ன சொல்கிறான் என்று தெரியாவிட்டாலும், அவன் ஏதோ சொல்கிறான் என்பது கிழவர் முகத்தில் தெரிந்தது. கேட்டதற்குமேல் எதையோ அவன் சொன்னான். கிழவர் சிரித்தார், பிறகு முகம் வாடினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெர்சிக்கு உள்ளே என்னவோ நெருடியது.

ஷைனி எங்களுக்கு என்ன சொன்னாள்?

செக்காலையை முதலில் சொன்னது யூஜினியா, அதற்குப் பிறகுதான் அம்மா அதைப் பற்றி நிறையச் சொன்னதாக வந்தது. அருள்மேரி என்ற பெயரைச் சொன்னது யூஜினியா. கப்பலைச் சொன்னது யூஜினியா. உப்பளத்தைச் சொன்னதும் அவள்தான். மெர்சி நினைவில் முன்னும் பின்னுமாகத் தேடினாள். அதற்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது 'ஆமா' மட்டும்தான். 'இப்பவும்' என்ற ஒரு வார்த்தை கூடுதலாக வந்திருந்தது. அதைச் சேர்த்துச் சொல்ல யாராலும் முடியும். விசாரிக்கப்போன நாங்கள்தான் பங்கு, வீடு, அப்பா இல்லாத நாட்கள், அம்மா இல்லாத சனிக்கிழமை என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, நிறையத் தெரிந்துகொண்டதாக எழுந்து வந்திருக்கிறோம்.

உடனே சந்தேகமும் வந்தது. உண்மையான அருள்மேரி மகளாக இருந்தாலும் அவளும் ஆமா என்றுதானே சொல்லியிருப்பாள்? வேறு என்ன சொல்வாள்? இரண்டு ஆட்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்றால், பதிலை வைத்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அப்பால் அவளால் போக முடியவில்லை.

மறுநாள் யூஜினியாவிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது.

"விசாரிக்கத் தெரியலங்கிறியா எனக்கு?"

"அப்படிச் சொல்லல டீச்சர். நாம கேட்ட கேள்வியிலயே பதில் இருந்துச்சு. அதத்தேன் சொல்றேன்."

"பிள்ளையப் பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

சொன்ன பிறகு யூஜினியாவே உதட்டைக் கடித்துக்கொண்டாள். குரலை இறக்கி, "சரி, என்ன செய்யணுங்கிற?" என்றாள்.

"இல்லாத ஒண்ணக் கேட்டுப் பாப்போம்."

அன்று சாயங்காலம் பெல்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டைப் அடித்தாள். யூஜினியாவின் பெரியப்பா பிலவேந்திரன் தேவகோட்டையில் இருந்தார். அன்று காலைகூட இட்லி கல்லுமாதிரி இருக்கிறது என்று மருமகளைத் திட்டியவர். 'பிலவேந்திரன் தாத்தா செத்ததுக்கு உங்க அம்மா வந்திருந்தாங்களே' என்று கேட்கச் சொன்னாள் மெர்சி.

"'ஆமா, அம்மா ரொம்ப அழுதாங்க'ங்கிறா" என்று படித்த பெல்சியின் குரல் பாதியில் இறங்கியது.

மெர்சி யூஜினியாவைப் பார்த்தாள். யூஜினியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "இதுல என்ன தப்பு?" என்றாள். "யாராச்சும் வந்து, எங்க தாத்தா கேதத்துக்கு வந்தீகளேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இல்லன்னா சொல்லுவேன்? ஆமான்னுதேன் சொல்லுவேன். வராதவுகன்னு முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? சின்னப் பிள்ளை, மரியாதைக்குச் சொல்லியிருக்கும்."

"உசிரோட இருக்கிற தாத்தாவச் சாகடிச்சது நீங்க" என்றாள் பெல்சி. கண்ணில் நீர் நின்றது. "பொய் சொன்னது நீங்க ரெண்டு பேரு. பொய்க்காரி அவளாம்."

பிள்ளை சொன்னதில் நியாயம் இருந்தது. டீச்சர் சொன்னதிலும் இருந்தது. இருந்தும் நெருடல் போகவில்லை. கடைசியில் அவள் கேட்டது ஒன்றைத்தான்: பெல்சி தனியாகப் போக வேண்டாம், கிளாஸை மாற்றிக்கொண்டு யூஜினியாவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகட்டும். அருள்மேரி காரில் இருந்தால் கையைப் பிடித்துப் பேசிவிட்டு அனுப்பட்டும். யூஜினியா அரைமனதாகச் சரி என்றாள். மேலும் அழுத்தம் கொடுக்க மெர்சிக்குத் தைரியம் வரவில்லை. தன் எண்ணத்திலேயே அவளுக்கு முழு நம்பிக்கையில்லை.

சனிக்கிழமை யூஜினியாவும் பெல்சியும் புறப்பட்டு பூத்துக்கு வந்து நின்றபோது போன் அடித்தது.

"மெர்சி அக்காவா?" ஆண் குரல். இளவட்டக் குரல் இல்லை. வெகுநாள் பழகியவன்போல் இழைந்தது. "நான் ஷைனியோட சித்தப்பா. பெல்சி கெளம்பிருச்சா?"

"கெளம்பிட்டாக."

"தனியாத்தானே வருது?"

மெர்சி ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினாள். "அவுக அம்மாவும் வாராக."

அந்தப் பக்கம் பேச்சில்லை. தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம். பிறகு அதுவும் நின்றுபோனது.

"யாரு?" என்றாள் யூஜினியா.

"ஷைனி சித்தப்பாவாம். பெல்சி தனியா வருதான்னு கேட்டாக. நீங்களும் வாரீகன்னேன். லைன் போயிருச்சு."

"கட்டாயிருக்கும். இல்லன்னா கார்ல இடம் இருக்கான்னு பாக்கக் கேட்டிருப்பாக" என்றாள் யூஜினியா. ஆனால் அவள் கை பெல்சியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. லைன் அறுவது அதிசயமில்லை. அன்று காலையிலேயே மூன்று நான்கு பேருக்குப் பாதியில் போயிருந்தது. மெர்சி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். அவள் பகலில் பூத்தைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு வாசலில் மூவரும் நின்றார்கள். கார்கள் வந்தன, போயின. ஒரு வெள்ளைக் கார் அவர்கள் பக்கம் வந்து வேகம் குறைந்ததுபோல் தோன்றியது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அது பஸ்ஸுக்கு வழிவிட்டதாகவும் இருக்கலாம். கடைநிழலில் நின்று இவர்களையே பார்த்த ஒருவன், மெர்சி உற்றுப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நொண்டிக் காலைப் பார்ப்பவர்கள் பிடிபட்டால் அப்படித்தான் திருப்பிக்கொள்வார்கள். எதையும் எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் வரவில்லை.

"உங்களாலதான்" என்றாள் பெல்சி. "சந்தேகப்படுறாகன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாக."

யூஜினியாவுக்கு அது பொறுக்கவில்லை. "கண்டனூருக்கே போயிப் பாத்துருவோம். இருந்தா இருக்காக, இல்லன்னா இல்ல" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள். சின்னக்கருப்பு ஆட்டோ. மெர்சியை வழக்கமாக ஏற்றிப் போகிறவன்.

"கண்டனூர்ல என்னக்கா விசேஷம்?"

"ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம்."

சின்னக்கருப்பு வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். "ஆடியிலயா? எந்தச் செட்டியார் வீட்டுலக்கா ஆடி மாசம் கல்யாணம் வைக்கிறாக? யாரோ உங்கள நல்லா ஓட்டியிருக்காக."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம் கட்டி, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மைக் சத்தம் பல நாளாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது. தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் கிடையாது என்பது நினைவிருக்கும் அளவுக்கு, ஆடி அவர்கள் நினைவில் இருக்கவில்லை. யூஜினியா ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போப்பா. போயித்தேன் பாப்போமே" என்றாள்.

கண்டனூரில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு தெருவில் திரும்பியதும் வாழைமரமும் சீரியல் பல்புமாக ஒரு வீடு, வாசலில் கார்கள், நாதஸ்வரம்.

"அட, சாந்தி!" என்றான் சின்னக்கருப்பு. "அறுபதாங் கல்யாணம். அது பொறந்த மாசத்துல, நட்சத்திரம் பாத்து வைப்பாக. அதுக்கு ஆடி கெடையாது." கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "அப்ப நெசமாவே கல்யாணந்தேன் போல."

பெல்சி துள்ளி இறங்கினாள். "பாத்தீகளா? பாத்தீகளா?"

மெர்சிக்கு ஒவ்வொரு முறையும் பிடி கிடைத்த இடத்தில் பிடி நழுவியது.

வீட்டின் உள்முற்றமான வளவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக ஓர் ஆச்சி எதிரே வந்தார். வயதானவர், விருந்தாளிகள் எல்லாரையும் அடையாளம் கண்டுவிட வேண்டும் என்ற பொறுப்பு முகத்தில் இருந்தது.

"வாங்க, வாங்க. ஏன் இம்புட்டு நேரம்? நீங்க ... காரைக்குடி டீச்சரம்மாதானே?"

"ஆமா ஆச்சி" என்றாள் யூஜினியா.

"நம்ம சேதுபதி கூட்டிட்டு வந்தாக. பேத்தி காதுகுத்துக்கு வந்திருந்தீகளே?"

யூஜினியா இதற்குமுன் அந்தத் தெருவில் காலெடுத்து வைத்தவளல்ல. சேதுபதி யாரென்று அவளுக்குத் தெரியாது.

"ஆமா ஆச்சி" என்றாள்.

"மக வளந்துருச்சே! அப்ப இத்தனூண்டு. உக்காருங்க, சாப்பிட்டுத்தேன் போகணும்."

"இல்ல ஆச்சி, தூத்துக்குடியிலருந்து வந்தவுக யாராச்சும் ..."

"சம்பந்தி வழியில வந்திருப்பாக, கேட்டுச் சொல்றேன். மொதல்ல எலையில உக்காருங்க" என்று ஆச்சி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, அடுத்து வந்தவர்களை நோக்கிப் போனார். திரும்பி வரவில்லை. இலை விழுந்தது. சோறு விழுந்தது. பரிமாறுகிறவர் மெர்சியிடம், "நீங்க டீச்சருக்குத் தங்கச்சியா?" என்று கேட்டார். மெர்சி வாயைத் திறப்பதற்குள், "ஆமா" என்றாள் யூஜினியா.

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை இலையில் இருந்தது, சோற்றைப் பிசையவில்லை.

"மெர்சி" என்றாள் தணிந்த குரலில். "நான் ஏண்டி ஆமா ஆமான்னு சொன்னேன்?"

"தெரியல டீச்சர்."

"நான் திருட வரலையே. ஒரு கெட்ட எண்ணமும் இல்லையே எனக்கு."

"இல்ல."

"ஆனா ஒருத்தன் திருட வந்தாலும் இந்த எலையில இப்படித்தான் உக்காந்திருப்பான்."

பெல்சி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் அப்பளத்தை நொறுக்கினாள். பந்தி முடிந்ததும் கூடத்தையும் மாடிப்படியையும் மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். பெல்சி வயதில் பெண்கள் பலர் இருந்தார்கள். யாரும் இவளைத் தேடுகிற கண்ணோடு இல்லை. தூத்துக்குடிக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அப்படி யாரும் வரவேயில்லை என்று இன்னொருவர் சொன்னார். ஆட்டோவில் திரும்பினார்கள். புறப்படும்போது வாசலில் யாரோ கையில் திணித்த தாம்பூலப் பை யூஜினியாவின் மடியில் கிடந்தது.

ஒரு வாரம் ஷைனி சாட்டில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மெர்சி மோசமாகத் தூங்கினாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோமா, ஒரு சிநேகிதத்தைக் கெடுத்துவிட்டோமா என்று தெரியவில்லை. அந்தக் குரலை நினைத்தால் முன்னது என்று தோன்றும். பெல்சியின் முகத்தை நினைத்தால் பின்னது. வேல்பாண்டி ஒருநாள் வந்து, "எல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருக்க தாயி?" என்று கேட்டார். "பாக்குறேன் அண்ணே. பாத்துத் தெரியுற மாதிரி இல்ல. நீங்களும் வந்து உங்க மகன் பக்கத்துல உக்காருங்க" என்றாள். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பிறகு ஒரு சாயங்காலம் பெல்சி தானாக வந்தாள், அம்மாவோடு. தடுப்புக்குள் உட்கார்ந்தவள் சற்று நேரத்தில் தலையை நீட்டி, "அத்தை, கொஞ்சம் வாங்களேன்" என்றாள். திரையில் ஷைனியின் பெயர் இருந்தது. 'ஹாய் பெல்சி. ஏன் அன்னைக்கு வரல? நாங்க எவ்ளோ நேரம் காத்திருந்தோம் தெரியுமா?'

"நாமதானே நின்னோம்!" என்று யூஜினியா முன்னால் சாய்ந்தாள். "வெள்ளைக் கார்ல வந்தீகளான்னு ..." என்று தொடங்கியவள், பட்டென்று நிறுத்திக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கேக்கட்டும் அத்தை?" என்றாள் பெல்சி.

"எனக்குத் தெரியல பெல்சி. நாம எதையும் எடுத்துக் குடுக்காம, அதுவா சொல்ற மாதிரி ஒண்ணக் கேளு."

பெல்சி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு டைப் அடித்தாள்: 'கோவம் வந்தா உங்க அம்மா உன்ன என்ன சொல்லித் திட்டுவாங்க?'

மூவரும் காத்திருந்தார்கள். பதில் வந்தது. பெல்சி இந்த முறை உரக்கப் படிக்கவில்லை. மெர்சியே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'உங்க அம்மா எப்படித் திட்டுவாங்க? நீ சொல்லு.'

எந்தப் பிள்ளையும் அப்படித் திருப்பிக் கேட்கும். சிநேகிதிகள் விளையாட்டாக அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். யூஜினியா மகளின் முகத்தைப் பார்த்தாள். தான் திட்டுவதைச் சொல்லப்போகிறாளோ என்ற சங்கடமும் அந்தப் பார்வையில் கலந்திருந்தது. பெல்சியின் விரல்கள் பழக்கத்தில் எழுந்தன. எழுந்து, எழுத்துகளுக்குமேல் நின்றன. உதட்டோரம் வந்த சிரிப்பு அப்படியே தங்கி, மெல்லக் கலைந்தது.

'நீ முதல்ல சொல்லு' என்று அடித்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஷைனியின் பெயர் திரையில் இருந்தது. பதில் இல்லை. முன்பக்கம் யாரோ மதுரைக்குப் பேச வேண்டுமென்று மேசையைத் தட்டினார்கள். மெர்சி, "கொஞ்சம் இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, எழாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.